புதுப்பிப்பு: வில்லங்கச் சான்றில் தெரியாத இரண்டு அக்காக்கள்

போன வாரம் கேட்டிருந்தேன்: 30 வருட வில்லங்கச் சான்று சுத்தம், பட்டா விற்பவர் பெயரில், மனைக்கு முன்பணம் கொடுக்கலாமா என்று. “வாரிசுச் சான்றிதழைப் பாருங்கள்” என்றவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

பார்த்தேன். மனை விற்பவருடைய அப்பா கிரயம் வாங்கியது. அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார், அம்மாவும் இல்லை. ஆனால் இரண்டு அக்காக்கள் இருக்கிறார்கள். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே அவர்களுக்கும் சம பங்கு. கல்யாணத்துக்கு நகை போட்டாயிற்று என்பதெல்லாம் அதை மாற்றாது. வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் வரும். ஒரு சாவால் வந்த பங்கு வராது.

பெரிய அக்காவை நேரில் பார்த்தேன். “என்னை யாரும் கேட்கவே இல்லை தம்பி” என்றார். மனசு கனத்துவிட்டது. சரி, இப்போது மூவரும் சேர்ந்து கிரயம் எழுதித்தரச் சம்மதம். முன்பணம் மூவருக்கும் தனித்தனிக் காசோலையாக.