ஈட்டி எறியும் பிள்ளைகளின் தோள் வலுவை அளப்பது எப்படி?

கேள்வி: பள்ளியில் ஈட்டி எறிபவர்களுக்குப் பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் படுத்து எடையை மேலே தள்ளுவது) சோதனை மட்டும் போதுமா?

பதில் 1: போதாது சார். அது மெதுவான வலு. எறிதலுக்கு வேகமும் சேர வேண்டும். சுவரில் முதுகை ஒட்டி, கால் நீட்டி உட்கார்ந்து, 2 கிலோ மெடிசின் பாலை (கனமான பயிற்சிப் பந்து) மார்பிலிருந்து இரு கையாலும் தள்ளச் சொல்லுங்கள். பந்தில் சாக்பீஸ் தூள் தடவினால் விழுந்த தடம் தரையில் பளிச்சென்று தெரியும். மூன்று வாய்ப்பில் சிறந்ததை எடுங்கள்.

பதில் 2: முதுகு சுவரை விட்டு எழுந்தால் அந்த எறி செல்லாது, இடுப்பு பலம் கலந்துவிடும். சுவரிலிருந்து அளந்தால் கை நீண்டவருக்குச் சாதகம். கை நீளத்தைக் கழித்துவிடுங்கள்.

பதில் 3: தோள் உறுதிக்கு, 91 செ.மீ. இடைவெளியில் இரண்டு டேப் ஒட்டி, டேப்புக்கு ஒரு கையாக வைத்துத் தண்டால் நிலையில், 15 நொடிக்குள் ஒரு கையால் மறு கையை மாற்றி மாற்றி எத்தனை முறை தொடுகிறார் என்று எண்ணுங்கள். தோள் வலி இருக்கிற பிள்ளைக்கு இது வேண்டவே வேண்டாம்.