256 எம்பி ரேம் உள்ள பழைய நாஸில் கோ மொழியைச் சோர்ஸிலிருந்து கம்பைல் செய்வது எப்படி?

நெல்லைநிரலன் (கேள்வி)

வணக்கம். பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமிக்கும் நாஸ்) சினாலஜி டிஎஸ்212ஜே, அதன் இயங்குதளம் டிஎஸ்எம் 6.2. சிப் மார்வெல் 88எஃப்6281, ரேம் 256 எம்பி. கெர்னல் பதிப்பு பார்க்க "யூநேம் -ஆர்" அடித்தால் 2.6.32.12 என்று வருகிறது.

கோ தளத்தில் ஆர்ம்வி6எல் என்று இருக்கும் டார் கோப்பை விரித்துப் பார்த்தேன். "கோ வெர்ஷன்" அடித்ததும், இந்த சிபியுவில் ஃப்ளோட்டிங் பாயின்ட் ஹார்டுவேர் இல்லை, கோஆர்ம்=5 (எந்தத் தலைமுறை ஆர்ம் சிப்புக்கு என்று சொல்லும் மாறி) வைத்து மறுபடி கம்பைல் செய் என்று சொல்லி நின்றுவிடுகிறது. சரி, சோர்ஸிலிருந்தே செய்யலாம் என்றால் கோவைக் கம்பைல் செய்யவே கோ வேண்டும் என்கிறார்கள். பெட்டியில் ஜிசிசியும் (சி கம்பைலர்) கிடையாது.

எந்தப் பதிப்பை எடுப்பது, எங்கிருந்து தொடங்குவது, 256 எம்பி போதுமா? லாக் சேகரித்து எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் எழுதும் ஒரு சின்ன சர்வீஸ் ஓட வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் உபுன்டு போட்ட 64 பிட் லேப்டாப் இருக்கிறது.

ஓடுபொறி

பதிப்பைத் தீர்மானிப்பது உங்கள் கெர்னல்தான். கோ 1.24-லிருந்து லினக்ஸ் கெர்னல் 3.2 கட்டாயம். 2.6.32-ஐ ஏற்கும் கடைசிப் பதிப்பு 1.23. அந்த வரிசையின் கடைசித் திருத்தத்தை எடுங்கள். 1.25 வந்ததோடு 1.23-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. ஆகவே இதில் எழுதும் சர்வீஸின் போர்ட்டை ரவுட்டரில் வெளியே திறந்து வைக்காதீர்கள்.

கோவுக்குக் கோ வேண்டும் என்பது உண்மை. 1.4 வரை கம்பைலர் சி-யில் இருந்தது. 2015-இல் வந்த 1.5-லிருந்து கோவிலேயே எழுதப்பட்டது. 1.5 முதல் 1.19 வரை கம்பைல் செய்ய 1.4 போதும். 1.20, 1.21-க்கு 1.17 வேண்டும். 1.22, 1.23-க்கு 1.20. இந்தப் படிகளை நாஸில் ஒவ்வொன்றாக ஏற வேண்டியதில்லை, ஜிசிசியும் தேவையில்லை. லேப்டாப்பில் இருந்தபடியே நாஸுக்கான கம்பைலரைச் செய்து அனுப்பிவிடலாம். சோர்ஸோடு வரும் பூட்ஸ்ட்ராப்.பாஷ் என்ற ஸ்கிரிப்ட் இருப்பதே இதற்குத்தான்.

லேப்டாப்பில் கோ 1.20 அல்லது அதற்கு மேல் ஏதாவது ஒன்று இருக்கட்டும். அதன் இடத்தை கோரூட்_பூட்ஸ்ட்ராப் மாறியில் வையுங்கள். 1.23 சோர்ஸ் டார் கோப்பை விரித்து, அதன் எஸ்ஆர்சி ஃபோல்டருக்குள் போய்:

கோஓஎஸ்=லினக்ஸ் கோஆர்ச்=ஆர்ம் கோஆர்ம்=5 ./பூட்ஸ்ட்ராப்.பாஷ்

மாறிகளின் பெயர் எல்லாம் பெரிய எழுத்து, சமக்குறிக்கு வலப்பக்கம் சின்ன எழுத்து. முடிந்ததும் இரண்டு நிலை மேலே கோ-லினக்ஸ்-ஆர்ம்-பூட்ஸ்ட்ராப் என்று ஒரு ஃபோல்டரும் அதே பெயரில் டிபிஇசட் கோப்பும் இருக்கும். ஏற்கெனவே அந்த ஃபோல்டர் இருந்தால் ஸ்கிரிப்ட் மறுத்துவிடும். இரண்டாம் முறை ஓட்டுமுன் அழித்துவிடுங்கள்.

கோஆர்ம்=5-ஐ மட்டும் மறந்துவிடாதீர்கள். கம்பைலரைச் செய்யும்போது கொடுக்கும் எண்தான் அதன் இயல்பு மதிப்பாக உள்ளே பதியும். விட்டுவிட்டால் ஆர்ம்வி7-க்கான கம்பைலர் வரும், உங்கள் பெட்டியில் மறுபடி அதே செய்திதான். சந்தேகம் இருந்தால் நாஸில் /ப்ராக்/சிபியுஇன்ஃபோ பாருங்கள்: ஃபெரோசியான், வி5எல் என்று இருக்கும், ஃபீச்சர்ஸ் வரியில் விஎஃப்பி (ஃப்ளோட்டிங் பாயின்ட் ஹார்டுவேர்) இருக்காது. 5 கொடுத்தால் தசமக் கணக்கெல்லாம் மென்பொருள் வழியாகப் போகும். மெதுவாக இருக்கும், லாக் சேகரிக்க அது ஒரு பொருட்டில்லை.

சோர்ஸை கிட்டில் இருந்து குளோன் செய்வதைவிட வெளியீட்டு டார் கோப்பே நல்லது. அதில் வெர்ஷன் என்ற கோப்பு இருக்கும். அது இல்லாத மரத்தை கிட் இல்லாத நாஸில் கம்பைல் செய்தால் பதிப்பு எண் தெரியாமல் நின்றுவிடும்.

பழையவட்டு

ஒண்ணு கேக்கலாமா? நாஸ்ல கம்பைலர் எதுக்கு? சர்வீஸ் ஓடணும்னா சர்வீஸை மட்டும் லேப்டாப்ல கம்பைல் பண்ணி ஒரே கோப்பா காப்பி பண்ணுங்க:

சிகோ_எனேபிள்ட்=0 கோஓஎஸ்=லினக்ஸ் கோஆர்ச்=ஆர்ம் கோஆர்ம்=5 கோ பில்ட்

லேப்டாப்ல இருக்கிற கோவும் 1.23-ஆ இருக்கணும். 1.24 வச்சு பண்ணினா பைனரி இந்தக் கெர்னல்ல ஓடும்னு நம்ப முடியாது. சிகோ (கோவுக்குள்ள சி குறிமுறையைச் சேர்க்கிற வசதி) அணைச்சிருக்கிறதால டிஎஸ்எம்மோட பழைய சி நூலகமான ஜிலிப்சியைத் தொடவே தொடாது, டிஎன்எஸ்ஸும் கோவோட சொந்தக் குறிமுறைதான் பாத்துக்கும். பெட்டிக்குள்ள கம்பைல் பண்றது ஆசைக்குப் பண்றதுதான், தேவைக்கு இல்ல.

ஓடுபொறி

சர்வீஸ் ஒன்றுக்கு என்றால் பழையவட்டு சொல்வதே சரி. ஆனால் கேள்வி நாஸில் கம்பைல் செய்வது பற்றி, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் இடம். டிஎஸ்எம் இருக்கும் ரூட் பார்ட்டிஷன் 2.4 ஜிபிதான். ரூட்டாக நுழைந்து எதையும் மாற்றாமல் ஓட்டினால் கோவின் கேஷும் மாட்யூல்களும் /ரூட் ஃபோல்டருக்குள் போய் அந்த 2.4 ஜிபியைத் தின்னும். அது நிரம்பினால் டிஎஸ்எம்மின் வலைப்பக்கத்தில் லாகின்கூட ஆகாமல் போகலாம். எல்லாவற்றையும் /வால்யூம்1 கீழே தனி ஃபோல்டரில் வையுங்கள், 2 ஜிபி ஒதுக்கினால் தாராளம். ஷேர்டு ஃபோல்டருக்குள் வேண்டாம்: ஏசிஎல் அனுமதிகள் குறுக்கே வரும், இன்டெக்ஸிங் ஒவ்வொரு கோப்பாகத் துரத்தும்.

எஸ்எஸ்ஹெச்-இல் அட்மின் கணக்கில் நுழைந்து "சூடோ -ஐ". /வால்யூம்1/கோபில்ட் என்று வைத்துக்கொள்வோம். அதில் பூட், கோ, டெம்ப், கேஷ் என நான்கு ஃபோல்டர். லேப்டாப்பிலிருந்து வந்தது பூட் ஃபோல்டரில், 1.23 சோர்ஸ் கோ ஃபோல்டரில். பிறகு எக்ஸ்போர்ட் செய்ய வேண்டிய மாறிகள்: கோரூட்_பூட்ஸ்ட்ராப் பூட் ஃபோல்டரைக் காட்ட வேண்டும்; கோஆர்ம்=5; சிகோ_எனேபிள்ட்=0; டிஎம்பிடிர் டெம்ப்பை; கோகேஷ் கேஷை; கோஜிசி=50.

கடைசியில் சொன்னது ரேமுக்காக. கோஜிசி வெளிப்படையாகக் கொடுக்கப்படாவிட்டால் கம்பைலர் வேகத்துக்காகத் தொடக்கத்தில் குப்பை சேகரிப்பை (பயன்படாத ரேமை மீட்பதை) தள்ளிப்போட்டு ஹீப்பை, அதாவது தான் பிடிக்கும் ரேமை, வளரவிடும். ஏதாவது ஒரு எண் கொடுத்துவிட்டால் அந்தச் சலுகை நின்றுவிடும். 50 என்றால் வழக்கத்தைவிட அடிக்கடி சேகரிக்கும், நேரம் கூடும், ரேம் குறையும்.

அடுத்து கோ/எஸ்ஆர்சிக்குள்:

நோஹப் ./மேக்.பாஷ் > ../பில்ட்.லாக் 2>&1 &

ஆல்.பாஷ் வேண்டவே வேண்டாம். அது கம்பைல் முடிந்ததும் முழுச் சோதனைத் தொகுப்பையும் ஓட்டும்; இந்த வேகத்தில் பல சோதனைகள் நேரக்கெடு தாண்டித் தோற்கும், கம்பைலர் கெட்டுவிட்டதாக நினைப்பீர்கள். சோதித்தே தீர வேண்டும் என்றால் கோ_டெஸ்ட்_டைம்அவுட்_ஸ்கேல் மாறியில் 10 போலப் பெரிய எண் கொடுங்கள்.

லாகில் டூல்செயின்1, கோ_பூட்ஸ்ட்ராப், டூல்செயின்2, டூல்செயின்3 என்று வரிசையாக வரும். ஒரே கம்பைலரை மூன்று முறை செய்கிறது: பழைய கோவால் ஒரு முறை, அப்படி வந்ததால் ஒரு முறை, அதைக் கொண்டு இன்னொரு முறை. டூல்செயின்2-இல் வெகுநேரம் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். கொன்றுவிடாதீர்கள். "ஃப்ரீ" அடித்துப் பார்த்தால் ஸ்வாப் (ரேம் போதாதபோது வட்டில் பயன்படும் இடம்) ஏறியிருக்கும். டிஎஸ்எம் ஒவ்வொரு வட்டிலும் 2 ஜிபி ஸ்வாப் பார்ட்டிஷன் வைத்திருப்பதால்தான் 256 எம்பியில் இது சாத்தியமே ஆகிறது. மணிக்கணக்கில் எடுக்கும். தொடங்கும் முன் ஃபோட்டோ ஸ்டேஷன், மீடியா சர்வர், டவுன்லோட் ஸ்டேஷன் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள்.

"சிக்னல்: கில்ட்" என்று நின்றால் அது கோவின் பிழை அல்ல, கெர்னல் கொன்றிருக்கிறது. "டிமெஸ்ஜி" கடைசி வரிகளில் அவுட் ஆஃப் மெமரி இருக்கும். இன்னும் எதையாவது நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

நெல்லைநிரலன்

மிக்க நன்றி இருவருக்கும். பூட்ஸ்ட்ராப் ஃபோல்டரை நாஸில் போட்டேன். "கோ வெர்ஷன்" 1.23 காட்டுகிறது. இனி இதை வைத்து மேக்.பாஷ் ஓட்டித்தான் ஆக வேண்டுமா, இதுவே போதுமா? இன்னும் இரண்டு சிக்கல். "கோ பில்ட்" அடித்தால் /டெம்ப்-இல் இடமில்லை என்கிறது; வட்டில் 800 ஜிபி காலி. லேப்டாப்பில் செய்த பைனரி ஓடுகிறது, ஆனால் எஸ்க்யூலைட்டைத் திறக்கும்போது இது சிகோ இல்லாமல் கம்பைல் ஆன வெற்று உறை என்று பிழை வருகிறது.

கடைசிவரி

அதுவே போதும். பூட்ஸ்ட்ராப்.பாஷ் தருவது முழுக் கம்பைலர், மேக்.பாஷ் ஓட்டினால் அதே 1.23 மறுபடி வரும்.

/டெம்ப் அங்கே வட்டு இல்லை, ரேமில் இருக்கும் டெம்ப்எஃப்எஸ். கோ தன் இடைக்காலக் கோப்புகளை அங்கேதான் கொட்டும். கோடிஎம்பிடிர் என்ற மாறி இருக்கிறது; நடுவில் டிஎம்பி என்று மூன்று எழுத்துதான். அதை /வால்யூம்1 கீழே காட்டுங்கள்:

கோ என்வ் -டபிள்யூ கோடிஎம்பிடிர்=/வால்யூம்1/கோபில்ட்/டெம்ப்

கூடவே "கோ என்வ் -டபிள்யூ கோடூல்செயின்=லோக்கல்" என்றும் அடித்துவிடுங்கள். இது இல்லாவிட்டால் ஏதோ ஒரு நூலகத்தின் கோ.மாட் கோப்பு 1.24 கேட்டதும், கோ தானாகவே புதிய டூல்செயினை இறக்கி அதை ஓட்டப் பார்க்கும். உங்கள் சிபியுவுக்கும் ஒத்துவராது, கெர்னலுக்கும் ஒத்துவராது. லோக்கல் என்று வைத்தால் பதிப்பு போதாது என்று நேராகச் சொல்லி நிற்கும், நூலகத்தின் பழைய பதிப்பை நீங்கள் தேர்ந்துகொள்ளலாம். டாஸ்க் ஷெட்யூலர் வழியாக ஓட்டுவதாக இருந்தால் ஹோம் மாறியையும் ஸ்கிரிப்டிலேயே கொடுங்கள். அது இல்லாத சூழலில் கேஷ் எங்கே என்று தெரியாமல் கோ மறுத்துவிடும், இப்படி எழுதிவைத்த என்வ் மதிப்புகளையும் கண்டுபிடிக்காது.

எஸ்க்யூலைட்: கோ-எஸ்க்யூலைட்3 நூலகம் சி மூலத்தை அப்படியே உள்ளே வைத்திருப்பது, சிகோ இல்லாமல் நடக்காது. இரண்டு வழி. ஒன்று, மாடர்ன்சி எஸ்க்யூலைட்டுக்கு மாறுவது. சி குறிமுறையைக் கோவாக மாற்றித் தந்திருக்கிறார்கள், 32 பிட் ஆர்முக்கும் உண்டு. டிரைவர் பெயர் எஸ்க்யூலைட்3 என்பதற்குப் பதில் எஸ்க்யூலைட், அதை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் முடிந்தது. அதை நாஸில் கம்பைல் செய்யாதீர்கள். மிகப் பெரிய கோ கோப்புகள், 256 எம்பியில் ஸ்வாப் தாண்டவம்தான். லேப்டாப்பில் செய்து அனுப்புங்கள்.

இரண்டாவது வழி சிகோவைத் திறந்து சி கிராஸ் கம்பைலர் போடுவது. இங்கேதான் பலரும் வழுக்குவார்கள். உபுன்டுவில் ஆர்ம்-லினக்ஸ்-ஜிஎன்யுஇஏபிஐ ஜிசிசி கிடைக்கும். அதை வைத்து ஸ்டாட்டிக்காக இணைத்தாலும் நாஸில் "ஃபேட்டல்: கெர்னல் டூ ஓல்ட்" என்று விழும். ஆர்மில் ஜிலிப்சி 2.24-லிருந்து கெர்னல் 3.2 கேட்கிறது, ஸ்டாட்டிக் பைனரிக்குள்ளும் அந்தச் சோதனை கூடவே வந்துவிடும். ஆகவே மஸ்ல் (ஜிலிப்சிக்கு மாற்றான சி நூலகம்) வைத்த கம்பைலர்தான் வேண்டும், அதிலும் பெயர் இஏபிஐ என்று முடிவது. இஏபிஐஹெச்எஃப் என்று முடிவது ஹார்டு ஃப்ளோட், உங்கள் சிப்பில் ஓடாது. சிசி மாறியில் அந்தக் கம்பைலரைக் கொடுத்து, எல்டிஃப்ளாக்ஸில் -எக்ஸ்டிஎல்டிஃப்ளாக்ஸ் "-ஸ்டாட்டிக்" சேருங்கள். சி பக்கத்துக்கு கோஆர்ம் செல்லாது, சிகோ_சிஃப்ளாக்ஸில் -மார்ச்=ஆர்ம்வி5டிஇ தனியாகக் கொடுக்க வேண்டும்; முன்பு இருந்த -ஜி -ஓ2 அதனால் அழிந்துவிடும், அதையும் சேர்த்தே எழுதுங்கள்.

பழையவட்டு

மாடர்ன்சிக்கே போயிடுங்க. ஒரு விஷயம் மட்டும்: உங்க குறிமுறையில 64 பிட் கவுன்ட்டரை அடாமிக்கா கூட்டுறீங்கன்னா, ஸ்ட்ரக்ட்டுக்கு நடுவுல வெறும் இன்ட்64 வச்சு ஆட்இன்ட்64 கூப்பிடாதீங்க. லேப்டாப்ல ஒழுங்கா ஓடும், 32 பிட் ஆர்ம்ல 8 பைட் எல்லைக்கு வெளியே விழுந்து பேனிக் ஆகும். 1.19-ல வந்த அடாமிக்.இன்ட்64 வகையைப் போட்டா எல்லையை அதுவே பாத்துக்கும்.