மறு: படுக்கையருகு மீயொலி – இந்தச் சொல் போதுமா?

மருத்துவச் சொற்களுக்குத் தமிழ் தேடும் குழுவினருக்கு வணக்கம்.

> 'பாயின்ட் ஆஃப் கேர் அல்ட்ராசவுண்ட்' என்பதற்குப் 'படுக்கையருகு மீயொலி' என்றே வைத்துக்கொள்ளலாமே? கேட்டதும் விளங்குகிறது.

விளங்குகிறது, ஐயா. ஆனால் நான் குழந்தை மருத்துவன். என்னிடம் வருகிறவர்களில் பலர் படுக்கையில் இருப்பதே இல்லை. அம்மா மடியில் உட்கார்ந்திருப்பார்கள், அப்பா தோளில் கிடப்பார்கள், குறைமாதத்தில் பிறந்தவர்கள் இன்குபேட்டருக்குள் இருப்பார்கள். அப்புறம் 'மடியருகு மீயொலி' என்று இன்னொரு சொல்லும் தேட வேண்டியிருக்கும்.

வேடிக்கை இருக்கட்டும். உண்மையில் இங்கே இடம் முக்கியமே இல்லை. கதிரியல் துறையிலிருந்து ஒருவர் இயந்திரத்தை வார்டுக்கே தள்ளிவந்து, வயிறு முழுவதையும் ஸ்கேன் எடுத்து அறிக்கை எழுதிக் கொடுத்தால் அதுவும் படுக்கையருகில்தான் நடக்கிறது. நாம் பெயர் தேடுவது அதற்கல்ல. சிகிச்சை தருகிற மருத்துவரே புரோபை (உடலில் வைத்துப் பார்க்கும் கருவிமுனையை) கையில் எடுக்கிறார், ஒரே ஒரு கேள்வியோடு. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா? இதயம் நன்றாகச் சுருங்குகிறதா? குழாய் போடும் முன், சிறுநீர்ப்பையில் சிறுநீர் இருக்கிறதா? விடை தெரிந்ததும் சிகிச்சை அங்கேயே மாறுகிறது. ஆக, சொல்லில் இருக்க வேண்டியது யார் பார்க்கிறார், எப்போது பார்க்கிறார் என்ற இரண்டும்தான்.

இதைக் கற்றுக்கொள்ள வந்த இளம் மருத்துவர் ஒருவர் போன வாரம் மூச்சிரைப்போடு வந்த ஆறு மாதக் குழந்தையைப் பார்த்தார். கைக்குழந்தையின் நெஞ்சுச் சுவர் மெல்லியது, மார்பெலும்பில் பெரும்பகுதி இன்னும் குருத்தெலும்பு. அதனால் பெரியவர்களிடம் எலும்பு மறிக்கும் இடத்திலும் இங்கே ஒலி உள்ளே போய்விடும். 10 மெகாஹெர்ட்சுக்கு மேற்பட்ட லீனியர் புரோபும் நான்கு சென்டிமீட்டர் ஆழமும் போதும். எல்லாம் சரியாகத்தான் வைத்திருந்தார். ஆனால் ஜெல்லைச் சில்லென்று அப்படியே நெஞ்சில் பிழிந்துவிட்டார். குழந்தை வீறிட்டதில் திரையில் உருப்படியாக ஒன்றும் தெரியவில்லை.

ஜெல்லை வெதுவெதுப்பாக்கி, குழந்தையை அம்மா மடியிலேயே விட்டு, சுண்டுவிரலை அதன் நெஞ்சின்மேல் ஊன்றிக்கொள்ளச் சொன்னேன். கை அப்படி ஊன்றியிருந்தால் குழந்தை அசையும்போது புரோபும் கூடவே அசையும். இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே, நுரையீரலின் மேலுறை வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. மூச்சுக்கு மூச்சு எறும்புச் சாரை போல அது மினுமினுத்து ஊர்ந்தது. அப்படி ஊர்ந்தால் புரோபுக்கு நேர் கீழே நுரையீரலுக்கு வெளியே காற்று சேரவில்லை என்று பொருள். (ஊராவிட்டால் உடனே காற்றுக்கசிவு என்று முடிவுகட்டக் கூடாது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. புதிதாகக் கற்பவர்கள் சறுக்குவது இங்கேதான்.)

முடித்ததும் அந்த அம்மா கேட்டார்: "ஸ்கேன் எடுத்தாச்சா, டாக்டர்?"

"எடுக்கலைம்மா, பார்த்தேன்."

எனக்குப் பொறி தட்டியது அப்போதுதான். ஸ்கேனை நாம் 'எடுக்கிறோம்', எக்ஸ்ரேயும் 'எடுக்கிறோம்'. நாடியை 'எடுப்பதில்லை', 'பார்க்கிறோம்'. ஸ்டெத் வைத்தும் 'பார்க்கிறோம்'. எழுதிக்கொடுத்து அனுப்பிச் செய்விப்பதற்கும் மருத்துவர் தானே செய்வதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் வினைச்சொல்லே காட்டிவிடுகிறது.

இங்கே வந்த மற்றச் சொற்களைப் பற்றி: 'கைமீயொலி' என்றால் கையடக்கக் கருவி என்றாகிவிடும். தள்ளுவண்டி இயந்திரத்திலும் இதைச் செய்கிறோமே. 'மீயொலி நோட்டம்' எனக்குப் பிடித்திருந்தது, நாணயம் சோதிப்பதை நோட்டம் என்று சொன்ன வழக்கும் உண்டு. ஆனால் இன்று நோட்டம் விடுகிறவன் திருடன்தான். ஆங்கிலச் சுருக்கத்தை (POCUS) அப்படியே எழுதுவோம் என்றவருக்கு ஒன்று: தமிழில் அது 'போகஸ்' என்றுதான் வரும், போலி என்று பொருள்படும் 'bogus' போலவே ஒலிக்கும். குழந்தைக்குப் போகஸ் ஸ்கேன் பார்த்தோம் என்று பெற்றோரிடம் நீங்கள் போய்ச் சொல்லுங்கள், நான் வரவில்லை.

என் பரிந்துரை: உடன்மீயொலி. 'உடன்' என்றால் கூடவே, 'உடன்' என்றால் அப்போதே. இரண்டும் நமக்கு வேண்டும். வினையாகச் சொல்லும்போது 'உடன்மீயொலி பார்த்தல்'.

---

> டாக்டர், உடன்பிறப்பு, உடன்படிக்கை போல 'உடன்மீயொலி'யும் ஒன்றோடு சேர்ந்து வரும் வேறொரு மீயொலி என்று தோன்றாதா? 'உடனடி மீயொலி' என்றால் குழப்பமில்லை.

தோன்றலாம், ஐயா. ஆனால் 'உடனடி'யில் அவசரம் மட்டும்தான் மிஞ்சுகிறது, பார்க்கிறவர் காணாமல் போகிறார். குறைமாதக் குழந்தையின் உச்சிக்குழி வழியே மூளையில் இரத்தக்கசிவு இருக்கிறதா என்று சில நாள் இடைவெளியில் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். அதில் அவசரம் ஒன்றுமில்லை, அதைக் கவனிக்கிற மருத்துவரே பார்க்கிறார் என்பதுதான் செய்தி. (உச்சிக்குழிக்குப் புதுச்சொல் தேடும் இழை ஒன்றும் ஓடுகிறது. தயவுசெய்து அதை மூடிவிடுங்கள். வீட்டுப் பாட்டிகள் எப்போதோ முடித்துவிட்ட வேலை அது.)

கற்பவர்களுக்கும் 'பார்த்தல்' என்ற வினை வசதி. அமெரிக்க அவசர மருத்துவர் கல்லூரியின் வழிகாட்டல் ஒவ்வொரு வகைக்கும் 25 முதல் 50 முறை செய்து பழகச் சொல்கிறது. 'நுரையீரலில் 25 பார்வை முடிந்தது' என்று பயிற்சிக் குறிப்பேட்டில் இயல்பாக எழுதலாம்.

எதிர்ப்பு இல்லையென்றால் உடன்மீயொலியைப் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். அதே பட்டியலில், மேலே சொன்ன வெள்ளைக் கோடு ஊர்வதைக் குறிக்கும் 'லங் ஸ்லைடிங்' என்பதற்கு 'நுரையீரல் சறுக்கல்' என்று இருக்கிறது. சறுக்கல் என்றால் ஏதோ தவறு நடந்துவிட்டது போலக் கேட்கிறது, இங்கே அது நல்ல செய்தி. 'நுரையீரல் ஊர்தல்' என்று மாற்றலாமா?