சம்பூர்க் காணியும் சம்பந்தன் ஐயாவும்

திருகோணமலையின் தமிழ் அரசியல் தலைவர், மறைந்த இரா. சம்பந்தன் ஐயாவைக் கிட்டப்போக முடியாத மனிதர் என்று அவரைப் பற்றிய நினைவுகளில் சிலர் எழுதியிருக்கிறார்கள். நான் கண்டது கொஞ்சம் வேறு.

நாங்கள் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர்ச் சனம். 2006 ஏப்ரல் குண்டுவீச்சோடு ஊரை விட்டு ஓடி, ஈச்சிலம்பற்று, வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து, கடைசியில் கிளிவெட்டி முகாமுக்கு வந்தோம். அதற்குள் ஊர், சனம் திரும்பிப் போகமுடியாத உயர் பாதுகாப்பு வலயமாகிவிட்டது. அனல்மின் நிலையம் வரப்போகிறது என்றும் சொன்னார்கள்.

ஐயா திருகோணமலைக்கு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, பெரியப்பாவோடு ஒருநாள் போனேன். ஆறுதல் சொல்வார் என்று நினைத்திருந்தேன். அவர் கேள்விதான் கேட்டார். உறுதிப் பத்திரம் உள்ள சொந்தக் காணியா, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் தந்த பெர்மிட் காணியா? யார் பெயரில் இருக்கிறது? எல்லை என்ன? பெரியப்பா நீட்டிய உறுதியைக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கடைசிப் பக்கம்வரை வாசித்தார். வாக்குறுதி ஒன்றும் தரவில்லை. வெளியே வந்ததும் பெரியப்பாவுக்குக் கோபம். எனக்கோ, எங்கள் காணியை ஒருவர் வழக்காக எடுத்துப் பார்க்கிறார் என்ற நம்பிக்கை முதன்முதலில் அங்கேதான் வந்தது. அவர் தொழிலால் சட்டத்தரணி அல்லவா.

1977இல் முதன்முதலாகப் பாராளுமன்றம் போனவர். தனிநாட்டை ஆதரிக்கமாட்டோம் என்று உறுதியெடுக்கச் சொன்ன அரசியலமைப்பின் ஆறாம் திருத்தச் சத்தியப்பிரமாணத்தை மறுத்து 1983இல் ஆசனத்தை இழந்தார். 2001இலிருந்து 2024இல் கண்மூடும்வரை எங்கள் மாவட்ட உறுப்பினர். 2015இல் எதிர்க்கட்சித் தலைவர்.

கொழும்பிலேயே இருந்துவிட்டார், கடைசிக் காலத்தில் தன் இடத்தை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்திருக்கலாம் என்ற குறை நியாயமானதுதான். முகாமில் கிடந்தவர்களுக்கு அவருடைய நிதானம் பெரிய சோதனை. ஆனாலும் சம்பூரை அவர் விடவில்லை. கிடைத்த மேடையிலெல்லாம், வந்த வெளிநாட்டுப் பிரதிநிதிகளிடமெல்லாம் அந்தப் பேச்சை எடுத்தார். 2015இல் 818 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கர் அடுத்த வருடம் வந்தது. அனல்மின் திட்டமும் கைவிடப்பட்டது. இது அவர் ஒருவரால் நடந்தது என்று சொல்லமாட்டேன். முகாமை விட்டு மாற்றுக் காணிக்குப் போகமாட்டோம் என்று பிடிவாதமாக இருந்த எங்கள் பெண்களுக்கு அதில் பெரிய பங்குண்டு. ஆனால் அவர்களுடைய பிடிவாதத்தைக் கொழும்பில் சட்டப் பேச்சாக எடுத்து வைக்க ஒருவர் தேவைப்பட்டார்.

1977 தேர்தலில் அவரோடு ஊர் ஊராகப் போன மூத்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். அந்தக் கால ஐயாவை எங்கள் வயதுக்காரர் பார்த்ததே இல்லை.