இழை: ஆன்லைன் போட்டி / இன்-பர்சன் போட்டி: வெள்ளிக்குள் சொல் வேண்டும்

இரா. (மொழிபெயர்ப்பு):
சதுரங்கம் ஆடும் கணினி நிரல்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். இரண்டு தலைப்புகளில் நிற்கிறேன்: 'ஆன்லைன் டோர்னமென்ட்', 'இன்-பர்சன் டோர்னமென்ட்'. இப்போதைக்கு 'இணையவழிப் போட்டி', 'நேரடிப் போட்டி' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

செ. (நிரலாளர்):
'நேரடி' வேண்டாம். டிசெக் (சதுரங்க நிரல்கள் தமக்குள் மோதும் போட்டித்தொடர்) ஆட்டங்கள் நாள் முழுக்க இணையத்தில் நேரடியாக ஓடுகின்றன. படிப்பவர் நேரடி ஒளிபரப்பு என்றுதான் எடுத்துக்கொள்வார்.

முனைவர் க.:
'நேர்முகப் போட்டி' என்றால் நேர்முகத் தேர்வு நினைவுக்கு வரும். நிரலுக்கு முகமும் இல்லை. 'அரங்கப் போட்டி' எனலாம். சதுரங்கத்திலேயே அரங்கம் இருக்கிறதே: சதுர + அரங்கம்.

இரா.:
ஐயா, அப்படிப் புணர்ந்தால் 'சதுரவரங்கம்' அல்லவா வரவேண்டும்? அது சதுர் + அங்கம், நால்வகைப் படை.

முனைவர் க.:
மரூஉ என்று கொள்ள இடமுண்டு. அது கிடக்கட்டும். 'அரங்கின்றி வட்டாடி யற்றே' (குறள் 401) என்று வள்ளுவரே ஆட்டத்தோடு அரங்கைச் சேர்த்திருக்கிறார்.

ந. (யாழ்ப்பாணம்):
அந்தக் குறள் உங்களுக்கு எதிராகவல்லோ நிக்குது, ஐயா? அங்க அரங்கு எண்டது வட்டாட நிலத்தில கீறின கட்டம், மண்டபம் இல்லை. கட்டம் இணையத்திலயும் இருக்குது. இன்னொண்டு: ஆன்லைனுக்கு எங்கட சட்டப்பெயரிலயே 'நிகழ்நிலை' இருக்குது, 2024 நிகழ்நிலைக் காப்புச் சட்டம். அதை ஏன் விடுவான்?

த. (கோலாலம்பூர்):
மலேசியாவில் 'இயங்கலை' நன்றாகப் புழங்குகிறது. எதிர்ச்சொல் 'முடங்கலை'. இரண்டும் சோடியாகக் கிடைக்கின்றன.

செ.:
"சர்வர் இயங்கலை" என்று சென்னையில் சொன்னால் பழுதுபார்க்க ஆள் அனுப்புவார்கள்! 'நிகழ்நிலை' எனக்கு 'நிகழ்நேரம்' (ரியல்-டைம்) போலக் கேட்கிறது. கடிகாரம் ஓடும் ஆட்டத்தில் அந்தக் குழப்பம் ஆகாது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கையேட்டின் இருவகைப் பிரிப்பே நடப்புக்குப் பொருந்தவில்லை. 1974-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த முதல் உலகக் கணினிச் சதுரங்கப் போட்டியை வென்ற கைஸா என்ற நிரல் அந்த ஊரிலேயே இல்லை. அது மாஸ்கோவில் ஐசிஎல் 4/70 கணினியில் ஓடியது. நகர்வுகள் தொலைபேசியில் வந்தன. 1995-இல் ஹாங்காங்கில் நடந்த அதே உலகப் போட்டியில் ஐபிஎம்மின் டீப் புளூ சதுரங்கக் கணினியின் முன்மாதிரியும் அமெரிக்காவில்தான் இருந்தது. ஆட்டத்தின் நடுவே தொடர்பு அறுந்தது. மறுபடி ஓடவிட்டபோது, முன்பு எண்ணிக்கொண்டிருந்ததை விட்டு வேறு நகர்வைத் தேர்ந்து, கடைசியில் ஃபிரிட்ஸ் என்ற நிரலிடம் தோற்றது. இதில் நேரில் வந்தவர் யார்? காய் நகர்த்திக் கடிகாரம் அமுக்கிய மனிதர் மட்டும்தான்.

இரா.:
அப்படியானால் மனிதர்கள் கூடுவதை வைத்தே பெயரிடலாமா? 'கூடுகைப் போட்டி'?

செ.:
பொருள் சரி. அந்த மனிதரால் வரும் கோளாறையும் கையேட்டில் சேருங்கள். எதிராளியின் நகர்வைக் கணினியில் தட்டி, நிரலின் பதில் நகர்வைப் பலகையில் வைக்க 4 நொடி ஆனால், 80 நகர்வுக்கு 320 நொடி போய்விடும். இது நிரலுக்குத் தெரியாது. அவ்வப்போது பலகைக் கடிகாரத்தைப் பார்த்து இடைமுகத்தில் நேரத்தைத் திருத்தாவிட்டால், இல்லாத 5 நிமிடத்தை நம்பி யோசித்து, நேரம் தீர்ந்து கொடி விழுந்து தோற்கும்.

சேவையகம் வழியே ஆடும்போது தட்டச்சுத் தாமதம் இல்லை, பிணையத் தாமதம் உண்டு. ஸ்டாக்ஃபிஷ் நிரலில் 'மூவ் ஓவர்ஹெட்' (இத்தகைய தாமதத்துக்காக ஒவ்வொரு நகர்விலும் ஒதுக்கிவைக்கும் நேரம்) இயல்பாக 10 மில்லிநொடிதான். ஒரே கணினிக்குள் அது போதும். இணைப்பு தடுமாறும் இடத்தில் 1000 வரை ஏற்றலாம். ஏற்றினால் யோசிக்கும் நேரம் அந்த அளவு குறையும்.

டிசெக்கோ மூன்றாவது வகை. இரண்டு நிரல்களும் அமைப்பாளர்களின் இடத்தில் ஆடுகின்றன, ஆக்கியவர் எவரும் தன் கணினியைக் கொண்டுவருவதில்லை. இணையத்தில் போவது ஒளிபரப்பு மட்டுமே. அதை 'இணையவழிப் போட்டி' என்பது தொலைக்காட்சியில் பார்த்த கிரிக்கெட்டைத் தொலைக்காட்சிவழிக் கிரிக்கெட் என்பது போல.

முனைவர் க.:
மூன்றுக்கும் 'கள' வேர் கொடுத்தால் ஒழுங்காக இருக்கும்: கூடுகளம், பிணைகளம், ஒருகளம். வினைத்தொகையும் கிடைக்கிறது.

த.:
அழகுதான் ஐயா, ஆனால் 'பிணைகளம்' என்றதும் பிணமும் களமும்தான் கண்ணில் படுகின்றன. மாணவர்கள் சிரிப்பார்கள்.

இரா.:
வியாழன் இரவு 11 மணி. பட்டியலில் போட்டுவிட்டேன்: இணையவழிப் போட்டி, அரங்கப் போட்டி. டிசெக் வகைக்குப் புதுச்சொல் இல்லை, 'ஒரே இடத்துக் கணினிகளில் நடத்தப்படும் போட்டி' என்று விரித்தே எழுதிவிட்டேன். 'கூடுகை' எனக்குப் பிடித்தது, ஆனால் இருவர்தான் ஆதரித்தீர்கள்.

ந.:
எதிர்ப்பைப் பதிஞ்சு வைக்கிறன். 'அரங்கு' கட்டம்தான். இலங்கைப் பதிப்பு வந்தா 'நிகழ்நிலை' எண்டு மாத்துவம்.

முனைவர் க.:
கோப்பில் சதுரங்க நிரலை 'எஞ்சின்' என்றே விட்டிருக்கிறீர்களே. 'பொறி' என்று மாற்றக்கூடாதா?

செ.:
"பொறி பொறியில் சிக்கியது" என்று எழுதவேண்டி வரும் ஐயா. தனி இழை தொடங்குங்கள்.