மறு: கிராவிட்டி வேவ் – 'ஈர்ப்பலை' என்றால் குழம்பாதா?

குழுவினருக்கு வணக்கம்.

அயனிமண்டலம் (வெயிலால் காற்று அயனிகளாகவும் எலக்ட்ரான்களாகவும் பிரிந்து கிடக்கும் மேல்வளி அடுக்கு) பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் பத்தியிலேயே முட்டி நிற்கிறது. 'அட்மாஸ்பெரிக் கிராவிட்டி வேவ்' என்பதை 'வளிமண்டல ஈர்ப்பலை' என்று எழுதினேன். படித்த மகள், "ரெண்டு கருந்துளை மோதினா வருமே, அதாப்பா?" என்கிறாள். 2016-இல் லைகோ ஆய்வகம் அந்த அலையைப் பிடித்த செய்தி வந்ததிலிருந்து 'ஈர்ப்பலை' அதற்குப் பட்டா போட்டாகிவிட்டது.

அடுத்தது 'டிராவலிங் அயனோஸ்பெரிக் டிஸ்டர்பன்ஸ்'. 'பயணிக்கும் அயனிமண்டலத் தொந்தரவு' என்று போட்டால் ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் மாதிரி இருக்கிறது. கைகொடுங்கள்.

– மதுரையிலிருந்து

———

ஐயா,

மகள் கேட்டது நியாயம். கட்டுரையைப் படிக்கப்போகிறவர்களில் பாதிப் பேர் அதையே கேட்பார்கள்.

ஜெர்மன்காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. காற்றிலும் கடலிலும் எழுவது 'ஷ்வேரெவெல்லெ', கருந்துளை மோதி எழுவது 'கிராவிடாட்சியோன்ஸ்வெல்லெ'. ஆங்கிலம் ஒரே வேரை வைத்துக்கொண்டு வாலை மட்டும் மாற்றி, முன்னதை 'கிராவிட்டி வேவ்', பின்னதை 'கிராவிடேஷனல் வேவ்' என்று சமாளிக்கிறது. நாம் பெயர்க்கும்போது அந்த வாலும் போய்விடுகிறது.

சொல்லை விட்டுவிட்டுப் பொருளைப் பார்ப்போம். மலையில் மோதிய காற்று மேலே ஏறுகிறது. அங்கே ஏற்கெனவே இருக்கும் காற்றைவிட அது கனம், அதனால் இறங்குகிறது. இறங்கிய வேகத்தில் பழைய இடத்தைத் தாண்டிவிடுகிறது. அங்கே அது லேசு, மறுபடி மேலே. தண்ணீரில் அழுத்திவிட்ட தக்கையின் ஆட்டம்தான். ஒரு ஆட்டத்துக்குக் குறைந்தது 5 முதல் 10 நிமிடம், உயரத்தைப் பொறுத்து. இடிமேகங்களும் இதைக் கிளப்பும்.

மேலே போகப் போகக் காற்று மெலிகிறது, அலையின் ஆற்றலோ அப்படியே இருக்கிறது. எனவே வீச்சு, அதாவது ஆட்டத்தின் அளவு, பெருகுகிறது. 100 கி.மீ. உயரத்தில் காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதில் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்கு. வீச்சு வர்க்கமூலக் கணக்கில் ஏறும், அதாவது ஆயிரம் மடங்கு. வழியில் பல அலைகள் உடைந்துபோகும், தப்பியவை அயனிமண்டலத்தைத் தொடும். அங்கே காணும் ஒழுங்கற்ற காற்றோட்டங்களுக்கு இந்த அலைகள்தாம் காரணம் என்று 1960-இல் எழுதியவர் கொலின் ஹைன்ஸ்.

ஆகவே இந்த அலையை ஆட்டுவிப்பது மிதப்பு விசை. என் பரிந்துரை: மிதப்பலை. ஆங்கிலத்திலேயே 'பாயன்சி வேவ்' என்ற பெயரும் புழங்குகிறது. "ஒரு மிதப்புல திரியுறான்" என்பது சிலருக்கு நினைவு வரும். வரட்டும்.

இரண்டாவது சொல்லுக்குச் சிலர் 'அயனியலை' என்கிறார்கள். வேண்டாம். பிளாஸ்மா என்ற மின்னேற்ற வாயுவில் அயனிகள் தாமே ஆடும் அலைகள் தனியாக உண்டு, அந்தப் பெயர் அவற்றுக்கு வேண்டும். இங்கே ஆடுவது காற்று. அது தள்ளத் தள்ள, புவியின் காந்தப்புலக் கோடுகளில் நூலில் கோத்த மணிபோல அயனிகள் வழுக்குகின்றன. எலக்ட்ரான் அடுக்கு மேலும் கீழுமாக நெளிகிறது. நடுத்தர அளவுள்ள நெளிவுக்கு அலைநீளம் சில நூறு கி.மீ., அலைவு நேரம் 15 நிமிடம் முதல் ஒரு மணி வரை. சிற்றலை வானொலியின் அலைகளைத் திருப்பி அனுப்பும் முகக்கண்ணாடி அந்த அடுக்குதான். கண்ணாடி நெளிந்தால், குழிந்த இடம் அலையைக் குவிக்கும், புடைத்த இடம் சிதறடிக்கும்.

எனவே: அயனி நெளிவு. முன்னால் 'ஊரும்' என்று சேர்க்கலாம்தான், ஆனால் நொடிக்கு 100 முதல் 250 மீட்டர் ஓடுவதை ஊர்வது என்று சொல்ல மனம் வரவில்லை.

– நெல்லையிலிருந்து

———

வணக்கம் ஐயா,

வானூர்தி ஊர்ந்தா போகின்றது? 'ஊரும்' இருக்கட்டும்.

மிதப்பலை பற்றி ஒரு தடை. இலங்கைப் பாடநூல்களில் நாங்கள் படித்தது 'மேலுதைப்பு'. அதை வைத்து 'மேலுதைப்பலை' என்று ஆக்கினால் வாய்க்குள் நுழையாது, அது எனக்கும் தெரியும். ஆனால் மேலுதைப்பு மேலே தள்ளுவது மட்டுந்தானே? நீங்கள் சொன்ன ஆட்டத்தில் கீழே இழுப்பதும் பாதி. அந்தப் பாதி 'மிதப்பு' என்ற சொல்லுக்குள் அடங்குமா?

இன்னொன்று. அப்பா இரவில் சிற்றலையில் பிபிசி தமிழோசை கேட்கையில், சத்தம் அமுங்கி அமுங்கி எழும்பும். வானொலியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடுவோம். அதுவும் இந்த நெளிவின் வேலையோ? அப்படியென்றால் 'மிதப்பலை நெளிவு' என்று ஒரே பெயராக வைத்துவிடலாமே.

– யாழ்ப்பாணத்திலிருந்து

———

நண்பருக்கு,

'ஊரும்' விஷயத்தில் தோற்றேன்.

கீழே இழுப்பது எடை, மேலே தள்ளுவது மேலுதைப்பு. இரண்டையும் கழித்து மிஞ்சுவதைத்தான் நான் மிதப்பு என்கிறேன். மிஞ்சுவது மேல்நோக்கியும் இருக்கும், கீழ்நோக்கியும் இருக்கும். 'மேலுதைப்பு' ஒரு திசையைச் சொல்லிவிடுகிறது, 'மிதப்பு' சொல்வதில்லை. அதனால்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

முற்றத்துக்கு ஓட வைத்தது பெரும்பாலும் வேறு ஆள். ஒரே நிலையத்தின் அலை இரண்டு மூன்று வழியாக வந்து சேரும். ஒன்றையொன்று கூட்டியும் கழித்தும் விடுவதால், நொடிக்கணக்கில் சத்தம் எழுந்து அமுங்கும். நெளிவு நிதானக்காரன். சென்ற ஞாயிறு காலை 7 மெகாஹெர்ட்ஸில் ஒரு ஹாம் (பொழுதுபோக்கு வானொலியர்) நிலையத்தைப் பிடித்து, அலையின் வலுவைக் காட்டும் எஸ்-மீட்டரையும் கடிகாரத்தையும் பார்த்துக் குறித்தேன். 9-இல் இருந்த முள் பதினைந்து நிமிடத்தில் 5-க்கு இறங்கி, அரை மணியில் பழைய இடத்துக்கு வந்தது. பிறகு மறுபடி அதே இறக்கம். ஒரு காலைக் குறிப்பை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் கால அளவு பொருந்துகிறது. 2017 நவம்பர் 3 அன்று அமெரிக்காவில் ஹாம்களின் தானியங்கிப் பதிவுகளில் இதன் பெரிய அண்ணன் தெரிந்தது. 14 மெகாஹெர்ட்ஸ் தொடர்பு எட்டும் தூரம் சுமார் இரண்டரை மணிக்கு ஒருமுறை சுருங்கி விரிந்தது.

ஒரே பெயர் மட்டும் வேண்டாம். 2022 ஜனவரி 15 டோங்கா எரிமலை வெடிப்பில் உலகைச் சுற்றிச் சுற்றி வந்தது லாம்ப் அலை. நொடிக்கு 300 மீட்டருக்குச் சற்று மேல், தரையை ஒட்டி ஓடும் அழுத்த அலை. அது மிதப்பலை இல்லை. ஆனாலும் அது போன வழியெல்லாம் மேலே அயனிமண்டலம் நெளிந்ததை ஜிபிஎஸ் பதிவுகள் காட்டின. காரணம் மாறலாம், நெளிவு நெளிவுதான். 'மிதப்பலை நெளிவு' என்று கட்டிவைத்தால் டோங்காவுக்கு வேறு பெயர் தேட வேண்டிவரும்.

முதல் இடத்தில் 'ஊரும் அயனி நெளிவு', பிறகு வெறும் 'அயனி நெளிவு' என்று எழுதினால் போதும்.

– நெல்லையிலிருந்து

———

இருவருக்கும் நன்றி. மிதப்பலை, அயனி நெளிவு இரண்டையும் கட்டுரையில் போட்டுவிட்டேன். மகளிடம் மறுபடி காட்டினேன். "மிதப்பலைன்னா கப்பல் ஆடுமே, அந்த அலையா?" என்கிறாள். கருந்துளைக்கு இது எவ்வளவோ பக்கம்.

– மதுரையிலிருந்து