'இடங்காட்டி' போதுமா? விண்வழி இடக்கணிப்பு – ஒரு பரிந்துரை

அன்பர்களுக்கு வணக்கம்.

ஜிபிஎஸ்ஸுக்கு, அதாவது செயற்கைக்கோள்களை வைத்து நாம் இருக்கும் இடத்தை அறியும் முறைக்கு, 'புவியிடங்காட்டி' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு என்று நேற்று ஐயா ஒருவர் கேட்டிருந்தார். என் காரணத்தைச் சொல்கிறேன்.

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் கைப்பேசி சிக்னல், ஜிபிஎஸ் எல்லாவற்றுக்கும் 'லைன்' என்ற ஒரே சொல்தான். போன வாரம் செம்பனைத் தோட்டத்துக்குள் மோட்டார் சைக்கிளில் போன என் தம்பி வழி தவறிவிட்டான். கைப்பேசியில் லைன் இல்லை. அப்படியானால் ஜிபிஎஸ்ஸும் வேலை செய்யாது என்று அதைப் பையில் போட்டுவிட்டு அரை மணி நேரம் அலைந்திருக்கிறான். மறுநாள் அதே இடத்துக்கு அவனைக் கூட்டிப் போனேன். வரைபடம் வரவில்லை, வெறும் சாம்பல் கட்டங்கள்தான். கொஞ்சம் பொறுத்ததும் நடுவில் ஒரு நீலப் புள்ளி தோன்றியது. நாங்கள் நடக்க நடக்க அதுவும் நகர்ந்தது.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து நேரத்தையும் தாம் இருக்கும் இடத்தையும் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. கைப்பேசி அதைக் கேட்கிறது, அவ்வளவுதான். பதிலுக்கு எதையும் அனுப்புவதில்லை. அலை வந்துசேர ஆன நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணிக்கிறது. நேரம் ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தூரம் 300 மீட்டர் பிசகும். கைப்பேசிக் கடிகாரத்துக்கு அந்தத் துல்லியம் கிடையாது. அதனால்தான் இடத்துக்கு மூன்று, கடிகாரப் பிழைக்கு ஒன்று என நான்கு செயற்கைக்கோள்களாவது வேண்டும். மேலே இருப்பவற்றுக்கு நம்மைத் தெரியவே தெரியாது. யாரும் இடத்தைக் 'காட்டுவதில்லை', கைப்பேசிதான் கணிக்கிறது.

கைப்பேசிக் கோபுரத்தின் கதை வேறு. அங்கே பேச்சு இரண்டு பக்கமும் நடக்கிறது. பால்மரக் (ரப்பர்) காலத்தில் யார் எந்த நிரையில் நிற்கிறார் என்று மண்டோருக்கு (தோட்டக் கண்காணிக்கு) தெரியும். எந்த மரத்தடியில் என்று தெரியாது. அழைப்பைக் கொண்டுவந்து சேர்க்கக் கோபுரத்துக்கும் அந்த அளவு தெரிந்தால் போதும்.

ஆகவே செயற்கைக்கோள் முறைக்கு 'விண்வழி இடக்கணிப்பு', கோபுர முறைக்குக் 'கோபுரவழி இடமறிதல்' என்று பரிந்துரைக்கிறேன். 'கோள்வழிக் கணிப்பு' என்றால் ஜாதகக்காரர் நினைவுக்கு வந்துவிடுவார், அது வேண்டாம். 'ஜிபிஎஸ்' அமெரிக்க அமைப்பின் பெயர் மட்டுமே. ஐரோப்பாவின் கலிலியோ, ரஷ்யாவின் குளோனாஸ், சீனாவின் பெய்தோ எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பொதுப்பெயர் நமக்குத் தேவை. 'இடங்காட்டி'யைத் தூக்கிப் போட வேண்டாம். காரின் முன்பக்கம் ஒட்டிவைக்கிறோமே, அந்தக் கருவிக்கு அது அருமையான பெயர்.

ஓரிடத்தில் மட்டும் சிக்கிக்கொண்டேன். செயற்கைக்கோள்களின் பாதை விவரத்தை லைன் இருந்தால் கைப்பேசி வலையமைப்பிலிருந்தே சட்டென்று வாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் விண்ணிலிருந்து நொடிக்கு 50 பிட்டு என்ற ஆமை வேகத்தில் வாங்க வேண்டும். அதற்கே அரை நிமிடம் போய்விடும், செம்பனை மட்டை மறைத்தால் இன்னும் கூடும். தம்பி பொறுமையிழந்தது இங்கேதான். இப்படிக் கோபுரம் கைகொடுக்கும் விண்வழிக் கணிப்பை என்னவென்று சொல்வது? 'துணைபெறு இடக்கணிப்பு' என்று எழுதிப் பார்த்தேன், வாயில் ஒட்டவில்லை. உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுங்கள்.